மல்லாத்திப் போட்ட நட்சத்திர மீன்

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரியும். அதனால் அதைக் கேட்கவில்லை. நானும் சுகமாக இருக்கிறேன், நீ கேட்காவிட்டாலும். இந்தக் கடிதத்தை உறையில் போட்டிருக்கிறேனே தவிர ஒட்டவில்லை. உங்கள் தேயிலைத் தோட்டத்துத் தப்பால் பையைத் திறக்கும் பெரிய கிளாக்கர் எல்லார் கடிதத்தையும் ஆவியில் பிடித்துத் திறந்து வாசிப்பார் என்று நீயே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாய். அவருக்குக் கேத்தில் சுடவைக்கும் சிரமம் வேண்டாம். திருகோணமலையில் உன் மாமா, என் அண்ணன், இதன் பிரதியை வாசித்துவிட்டார். அவர் மகள் பூமணியும் வாசித்துவிட்டாள். உன்னிடம் வருவது கடைசியாகத்தான். அதற்காகக் கோபப்படாதே. நோயாளியிடம் கடைசியில்தான் சொல்வது என்பது உன் தொழிலில் உள்ள வழக்கம், உனக்குப் புதிதல்ல.

தை பிறந்ததும் பூமணியை உனக்குக் கட்டித் தர வேண்டும் என்று நீ கேட்டு எழுதியிருந்தாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எதற்கும் உன் கடிதத்தை மறுபடி பார்த்தேன். கேட்கவில்லை. நாள் பார்க்கச் சொல்லியிருந்தாய், அவ்வளவுதான். தாய்மாமன் மகள் உனக்கு உரிமைப் பெண்; உரிமையுள்ளதை யாராவது கேட்பார்களா? என் அண்ணனும் பழைய மனிதர். நான் அவருக்கு ஒரே தங்கை. "நீ ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை, பிள்ளையை நான் உன்ர கையிலை விட்டிட்டன்" என்று எழுதிவிட்டார். ஆக, அந்தப் பெண் உன் வீட்டுக்கு வருவதும் வராததும் என் வாயில் இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். ஆனால் எதைப் பார்த்தோம் என்பதை முதலில் எழுதி, முடிவைக் கடைசியில் எழுத வேண்டும் என்பது உன் அப்பா கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முறை. அவரோடு குடித்தனம் நடத்தியதில் எனக்கும் அது படிந்துவிட்டது. பொறுமையாக வாசி.

உன் அப்பா கடலில்லாத ஊரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் அப்படி ஊர்கள் இருக்கின்றன என்றால் திருகோணமலைக்காரர் நம்பமாட்டார்கள். கண்டியில் மலை உச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படிப்பித்தார். கலியாணம் முடிந்த மறுநாள் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். புது மாப்பிள்ளை ஏதோ பேசப்போகிறார் என்று நானும் நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். வலைக்காரர் உதறிப் போட்ட நட்சத்திர மீன்கள் மணலில் விறகுபோலக் காய்ந்து கிடந்தன. எங்கள் பக்கத்தில் அவற்றைப் பெரியவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வலையைக் கெடுக்கும் சனியன் என்று காலால் தள்ளிவிடுவோம். அவர் ஒன்றை எடுத்துப் பாறைக் குழியில் நின்ற தண்ணீரில் போட்டார். போட்டுவிட்டுக் குந்திக்கொண்டார். வெயில் ஏறியது. "இது செத்திட்டுது," என்றேன். "செத்திட்டுது எண்டு நீர்தான் சொல்லுறீர். அது இன்னும் சொல்லேல்லை," என்றார். நெடுநேரம் கழித்து ஒரு கையின் நுனியில் நூல் போன்ற ஒரு கால் நீண்டு எதையோ தடவியது. அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷம், நீ பிறந்த அன்றுகூட வரவில்லை. கண்டிக்குத் திரும்பும்போது கடலிலிருந்து இரண்டு சாமான்களைக் கொண்டுபோனார்: ஒன்று நான், மற்றது ஈரச் சாக்கில் சுற்றிய ஐந்தாறு நட்சத்திர மீன்கள். வழிநெடுக சாக்கை நனைத்துக்கொண்டே வந்தார்.

அந்தப் பிராணியைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை; ஆனால் பெரிய கிளாக்கரும் வாசிக்கிறார் அல்லவா. நமக்கு உள்ளே இரத்தம் ஓடுகிறது. உப்புக் கூடினால் கழிக்கவும், குறைந்தால் பிடித்துவைக்கவும் சிறுநீரகம் என்று ஒன்று இருக்கிறது. வெளியில் எந்தத் தண்ணீர் இருந்தாலும் உள்ளே நாம் நாமாகவே இருக்கலாம். நட்சத்திர மீனுக்கு அந்த வசதி கிடையாது. அதன் உடம்புக்குள் நிற்பதும் ஏறத்தாழக் கடல்தான். முதுகில் ஒரு பக்கமாகப் பொட்டு வைத்ததுபோல ஒரு சல்லடை. அதன் வழியாகவும் தோல் வழியாகவும் கடல் போய்வருகிறது. அந்தத் தண்ணீரின் அழுத்தத்தில்தான் அதன் நூற்றுக்கணக்கான கால்கள் நீள்கின்றன, பிடிக்கின்றன, நடக்கின்றன. வெளியே எடுத்துப் போட்டால் முதலில் கால்கள் சுருங்கும். பிறகு கை விறைக்கும். பிறகு அது ஒரு சாமான். வேளைக்குத் திருப்பிப் போட்டால் கடல் மெல்ல உள்ளே ஏறி அது மறுபடி பிராணியாகும். எந்த எல்லைவரை காயவிட்டால் திரும்பும், எந்த எல்லையைத் தாண்டினால் திரும்பாது என்பதுதான் உன் அப்பாவின் வாழ்க்கைக் கேள்வி. மற்ற மாஸ்டர்மார் மாலையில் சீட்டாடினார்கள்.

கண்டியில் மஹய்யாவப் பக்கத்து நம் வாடகை வீட்டில் வெயில் விழும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் அவை காய்ந்தன. உன் கோவணத் துணிகள் அடுப்படியில் காய்ந்தன. காய்ந்ததை நிறுப்பார், பேசினில் கடல் தண்ணீரில் போடுவார், மறுபடி நிறுப்பார். கடல் தண்ணீரைக் கண்ணாடிச் சாடிகளில் கொண்டுவந்தவர் என் அண்ணனுக்குத் தெரிந்த ஒரு கருவாட்டு முதலாளி. அவர் லொறி மாத்தளை வழியாகக் கண்டிச் சந்தைக்கு வரும். "கண்டியில தண்ணிக்கா பஞ்சம் தங்கச்சி? குடிக்கவும் ஏலாத தண்ணிய மலைக்கு ஏத்தி வாறன், என்ட ஊட்டுல கேட்டுச் சிரிக்கிறாங்க," என்பார். சிரித்துக்கொண்டேதான் கொண்டுவந்தார். அவர் வரும் நாளில் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். அண்ணன் சுகத்தை விசாரிப்பதற்காக என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில், பாரம் திரும்பி ஏறினால் உயிரும் திரும்பிவிட்டது என்று உன் அப்பா எண்ணினார். ஒருநாள், செத்து நாற்றமெடுக்கத் தொடங்கிய ஒன்றை வேடிக்கையாகப் பேசினில் போட்டுப் பார்த்தார். அதுவும் தண்ணீரை உறிஞ்சிக் கொழுத்து, உயிருள்ளதைவிட நல்ல பாரம் காட்டியது. தராசுக்குப் பிணமும் பிராணியும் ஒன்று. பல நாள் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் வேறு முறை வந்தது. ஊறியதை எடுத்து மல்லாத்திப் போடுவார். உயிருள்ளதானால் ஒரு கையின் நுனியை மெல்ல மடித்து, தரையைத் தடவிப் பிடித்து, உடம்பைத் தூக்கி, ஒரு குட்டிக்கரணம் போட்டுத் தானே திரும்பிவிடும். அதற்கு நேரம் எடுக்கும்; உன் அப்பா சட்டைப்பை மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். செத்தது கொழுத்தபடி மல்லாந்து கிடக்கும். "பாரம் ஏறினால் மட்டும் காணாது, தானாப் பிரளோணும்," என்பார். விரலால் ஒரு தட்டுத் தட்டிவிடலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். கல்யாணமாகி அவ்வளவு காலமான பிறகும் நான் இப்படிக் கேட்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

சித்திரை விடுமுறையில் என்னைத் திருகோணமலைக்கு அனுப்பிவைப்பார். நான் தெளிந்து வருவேன். "ஒரு மாசம் உப்புக்காத்துப் பட்டால் மனிசிக்கு வருசம் முழுக்கக் காணும்," என்று நண்பர்களிடம் சொல்வார். அவர்களும் தங்கள் மனைவிமாரைப் பற்றி அப்படி ஏதாவது சொல்வார்கள். பிறகு ஒரு வருஷம் கல்லூரிச் சோதனை வந்தது, விடுமுறை சுருங்கியது. அடுத்த தடவை உனக்கு அம்மை போட்டது. அதற்கடுத்த தடவை ஒரு காரணமும் வரவில்லை, ஆனாலும் போகவில்லை. நான் அப்போதும் சமைத்தேன், சிரித்தேன், கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். ஆகவே இன்னும் கொஞ்சம் காயவிடலாம் என்று தெரிந்தது. அவர் அதை வேண்டுமென்று செய்தார் என்று சொல்லமாட்டேன். வேண்டுமென்று செய்கிறவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம். கை நீட்டாதவர், குரல் உயர்த்தாதவர், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருகிறவர். அக்கம்பக்கத்தில் எனக்கு வாய்த்ததுபோல ஒரு மனிதர் வாய்க்கவில்லை என்று பெண்கள் பொறாமைப்பட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பொறாமைப்பட்டேன்.

கொடுமை செய்கிறவர்களைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நீ சலித்துவிடுவாய். கருணை செய்தவரைப் பற்றியும் சொல்கிறேன். நம் முன்னறையில் வாடகைக்கு இருந்த தமிழ் மாஸ்டரை உனக்கு நினைவிருக்கும். சுத்த சைவம், நான் மீன் அரியும்போது குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடப்பார். பௌர்ணமிப் போயா நாட்களில் கண்டிச் சனம் உயிர்மீனை விலைக்கு வாங்கித் தண்ணீரில் விட்டுப் புண்ணியம் தேடுவதை அவர் பார்த்திருந்தார். சைவத்தில் இல்லாத நல்ல ஏற்பாடு ஒன்று பௌத்தத்தில் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உன் அப்பா கல்லூரிக்குப் போன பிறகு ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தவற்றையும் பேசினில் தேறிக்கொண்டிருந்தவற்றையும் ஒன்றாக வாளியில் போட்டு, ஏரிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு திரும்பி வந்தார். மாலையில் உன் அப்பா வெறும் ஜன்னலைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்.

"ஏரியிலயோ விட்டனீர்?"

"ஓம் மாஸ்டர். எப்பிடிக் குளிர்ந்த தண்ணி! என்ர கையாலை ஒவ்வொண்டா இறக்கினனான். இறக்கின உடனை உடம்பெல்லாம் பூரிச்சுப் போச்சுதுகள்."

"பூரிச்சதோ?"

"சந்தோசத்திலை, மாஸ்டர்."

உன் அப்பா தொப்பியையும் மணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டார். பார்க்கக் கிடைத்ததை ஏன் விடுவான் என்று. உள்ளே உப்பு, வெளியே உப்பில்லாத தண்ணீர். அதைத் தடுத்து நிறுத்த அந்த உடம்பில் ஒரு ஏற்பாடும் இல்லாததால் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். உடம்பு வீங்கும், கால்கள் தொளதொளத்துப் பிடி விட்டுப்போகும், பிறகு கரைக்கல்லில் ஒட்டிக்கொள்ளக்கூட முடியாது. ஜன்னலில் காய்ந்தவற்றில் பாதியாவது பிழைத்துவந்தது. கருணையில் ஒன்றும் பிழைக்கவில்லை. தமிழ் மாஸ்டர் ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருடைய புண்ணியத்தில் கை வைக்கவில்லை. உன் கடிதத்தில், தோட்டத்தில் உனக்குத் தனிவீடு தந்திருக்கிறார்கள், குழாய்த் தண்ணீர் உண்டு, ரோசாப் பாத்தி உண்டு, சமையலுக்கு ஆள் உண்டு, நல்ல குளிர்ந்த இடம், பூமணிக்கு ஒரு குறையும் வராது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்தபோது வாளியும் திருநீறுமாக வந்த மாஸ்டர்தான் கண்ணில் நின்றார். அவளுக்கு என்ன தண்ணீர் வேண்டும் என்று நீ கேட்டதாக அந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.

இனி உன்னைப் பற்றி. ஜன்னல் வேலையில் நீ உன் அப்பாவை மிஞ்சினாய். எது திரும்பிவரும் என்று அவருக்குத் தெரிந்த இடத்தில் அவர் நிறுத்துவார். திரும்பிவராததைப் பார்க்க வேண்டும் என்று நீ இன்னும் ஒரு வெயில் வைப்பாய். "இவனுக்குக் கை நடுங்காது," என்று அவர் பெருமைப்பட்டார். நடுங்காத கைக்கு மருந்துத் தொழில் நல்லது என்று உறவினர் சொன்னார்கள். நீ படித்து, தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரானாய். தோட்டத்துச் சனம் டிஸ்பென்சரை டாக்டரையா என்றுதான் அழைக்கும். நீ அதைத் திருத்தியதாக நான் கேள்விப்படவில்லை.

போன வருஷம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வயிற்றோட்டம் பரவியபோது நீ ஒரு முறை கண்டுபிடித்தாய். அதை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீயே சொன்னாய். நான் உனக்கு இரண்டாம் முறை மீன் குழம்பு விட்டுக்கொண்டிருந்தேன். கொழுந்து நிறுக்கும் தராசில் ஒரு கதிரையைக் கட்டித் தொங்கவிட்டு, படுக்கையில் கிடந்தவர்களை அதில் உட்கார்த்தி நிறுத்தாயாம். வரும்போது இருந்த பாரம், இப்போது இருக்கும் பாரம். ஏறியவர்கள் பெரட்டில் நின்று வேலைக்குப் போகலாம், ஏறாதவர்கள் இன்னொரு நாள் கிடக்கலாம். துரைக்கு அந்த முறை மிகவும் பிடித்துப்போனது. ஆள்களின் வாயைக் கேட்டு முடிவு செய்யும் தொல்லை ஒழிந்தது என்று கை குலுக்கினார். கொழுந்தெடுக்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், வெறும் தண்ணீரும் கஞ்சித் தெளிவுமாகக் குடித்துக்கொண்டு கிடந்தவள். கதிரையில் வைத்தால் பாரம் ஏறியிருந்தது. முகமும் காலும் பொதுபொதுவென்று இருந்ததைச் சதை பிடித்திருக்கிறது என்று நீ எடுத்துக்கொண்டாய். கங்காணியிடம் மலைக்கு அனுப்பச் சொன்னாய். உச்சி வெயிலுக்கு முன்னே கூடையோடு தேயிலைச் செடிகளுக்கிடையில் விழுந்து செத்தாள்.

"பாரம் ஏறித்தான் இருந்தது அம்மா. இதைவிட மோசமான கேசெல்லாம் திரும்பி வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு நீ மீனில் முள்ளெடுத்தாய். உன் அப்பா அப்போதே நோயாளி. சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு உன்னைப் பார்த்தார்.

"பிரளப் போட்டுப் பாத்தனியோ?"

நீ சிரித்தாய். கிழவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தாய். அவர் சிரிக்கவில்லை. கை கழுவ எழுந்து போனவர் பிறகு மேசைக்குத் திரும்பவில்லை. அவள் தானாக எழுந்து வாசல்வரை நடக்கிறாளா என்று பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஒரு நட்சத்திர மீனுக்கு உன் அப்பா கொடுத்த நேரத்தைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் புருஷன் ஒருநாள் நம் வாசலுக்கு வந்தான். அவனுக்கு மஹய்யாவ லைன் வீடுகளில் உறவுக்காரர் இருக்கிறார்கள். டாக்டரையாவின் தாய்தகப்பன் வீடு இதுதான் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று எண்ணி நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொண்டுவந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் படியில் வைத்தான். "ஒண்ணும் இல்லீங்கம்மா, ஐயாவப் பெத்தவங்கள ஒரு தடவ பாத்துக் கும்புட்டுப் போலாம்னு வந்தேன்," என்றான். என்ன சொல்வது என்று தெரியாமல், உன் பெண்சாதிக்கு நடந்தது கேள்விப்பட்டேன் என்றேன்.

"ஆமாங்கம்மா. ஆனா மத்தவங்க எல்லாரும் காஞ்சு கருவாடாத்தான் போனாங்க. எங்க வீட்டுக்காரி மட்டும் டாக்டரையா தயவுல தேறித்தாங்க செத்தா. தராசுல காமிச்சாரு. அந்த ஒரு ஆறுதலுதாங்க எனக்கு."

உள்ளறையில் படுத்திருந்த உன் அப்பாவுக்கு அது கேட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. நான் போய்த் திருப்பிவிட்டேன். பழம் நல்ல பழம். நான் சாப்பிடவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

உன் அப்பாவின் கடைசி மாதங்களில் நீ இரண்டு முறைதான் வந்தாய். ஆகவே அதையும் நான்தான் சொல்ல வேண்டும். அவர் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தொடங்கியது. கால் வீங்கியது, பிறகு வயிறு, பிறகு முகம். உப்பை நிறுத்தினால்தான் நீர் வடியும் என்று டாக்டர் சொன்னார். வாழ்நாள் முழுவதும் உப்புத் தண்ணீரை லொறியில் வரவழைத்த மனிதருக்கு நான் உப்பில்லாத கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். "ஒரு கல் உப்புப் போடுமன்," என்று கேட்பார். டாக்டர் வேண்டாமென்றார் என்பேன். மறுநாளும் கேட்பார். மறுநாளும் அதையே சொல்வேன். கை நீட்டவில்லை, குரல் உயர்த்தவில்லை. ஒருநாள் கஞ்சியை விழுங்கிவிட்டு, "நீர் நல்லாத்தான் படிச்சிருக்கிறீர்," என்றார். பிறகு தலையணைக்கடியிலிருந்து மணிக்கூட்டை எடுத்து என் கையில் வைத்தார். உனக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. நீ அதைப் பற்றி இரண்டு கடிதங்களில் விசாரித்திருந்தாய், இதுதான் பதில்.

இந்த வருஷம் பெரஹர ஊர்வலம் பார்க்க என் அண்ணனும் பூமணியும் வந்தார்கள். நீயும் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தாய், புதுக் கோட்டும் கையில் ஒரு பொட்டலமுமாக. உன் மேசையில் கடதாசி பறக்காமல் வைக்கும் பழைய காய்ந்த நட்சத்திர மீன் ஒன்றை, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு முதல் பரிசாகக் கொடுத்தாய். "எவ்வளவு வருஷமானாலும் பழுதாகாது, இப்படியே இருக்கும்," என்று வேறு சொன்னாய். வலைக்காரர் ஊரில் பிறந்தவள். அவள் வீட்டு வேலிக்கு வெளியே அது குப்பையில் கிடக்கும். என்றாலும் மரியாதை தெரிந்த பிள்ளை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நீ போன பிறகு என்னிடம் ஒரு பேசின் கேட்டாள். உன் அப்பாவின் சாடியில் அடியில் கொஞ்சம் கடல் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை ஊற்றி அந்தச் சாமானை அதில் வைத்தாள். மறுநாள் காலையில் அது ஊறி, தடித்து, கையில் எடுத்தால் பாரமாக இருந்தது. முற்றத்துக் கல்லில் மல்லாத்திப் போட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் கடற்கரையில் பிள்ளைகள் விளையாட்டாக அப்படிப் போட்டுப் பார்ப்பதுண்டு. நான் சம்பல் அரைத்து முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. நாற்றம் சமையலறைக்கு வந்தது.

"மாமி, இது சும்மா ஊறினது," என்றாள். பிறகு, "அவர் ஏன் இதை எனக்குத் தந்தவர்?" என்றாள்.

"அவனுக்குப் பிடிச்சது," என்றேன்.

"ஓம், விளங்குது," என்றாள். மிளகாய்க் கன்றடியில் புதைத்துவிட்டுக் கை கழுவினாள். பேசினையும் கழுவினாள். அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை மழைக்காலம் முழுவதும் பேசவிடாமல் வைத்தது. "நீங்கள் வா எண்டால் நான் வருவன் மாமி. அப்பாவும் அதைத்தான் சொல்லுறார்." வருவாள், தம்பி. அதுதான் பயம். விளங்கிக்கொண்டும் வருவாள். உன் ரோசாப் பாத்திக்குத் தண்ணீர் விடுவாள், சிரிப்பாள், துரைசாணி வந்தால் தேத்தண்ணி ஊற்றுவாள். நீ அவளைச் சித்திரைக்குத் திருகோணமலைக்கு அனுப்புவாய், அடுத்த சித்திரைக்கு வேலை வரும். நீ கை நீட்டமாட்டாய். உன் அப்பாவிடமாவது எங்கே நிறுத்துவது என்ற கணக்கு இருந்தது. அது உன்னிடம் இல்லை. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன், சாடியைப் பிடித்துக் கொடுத்தவளும் நான்தான் என்று நீ சொல்லலாம். சொல். அதனால்தான் எனக்கு இந்த வேலை இவ்வளவு நன்றாகத் தெரியும்.

ஆகவே முடிவு. பூமணியை உனக்குத் தருவதில்லை. அண்ணனுக்கு எழுதிவிட்டேன், அவர் தன் சொல்லை மீறமாட்டார். வாத்தியார் வேலைக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்ததாம். இத்தனை நாள் யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம். அங்கேயே, கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாம். உனக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கச் சொல்லி என்னிடம் யாராவது வந்தால், தோட்டத்துத் தராசில் கட்டியிருக்கும் கதிரையைப் பற்றி முதலில் சொல்வேன். கேட்டுவிட்டும் தருகிறவர்கள் தரட்டும்.

நீ கோபப்படுவாய். உரிமையைப் பறித்தாள், பெற்ற தாயே கெடுத்தாள் என்று நாலு பேரிடம் சொல்வாய். சில நாள் சோறு இறங்காது. அதனால் ஒன்றும் ஆகாது; இதைவிட மோசமானதெல்லாம் திரும்பி வந்திருக்கிறது. பிறகு நன்றாகச் சாப்பிட்டுப் பாரம் ஏறுவாய், முகம் தெளியும், தேறிவிட்டான் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அதை எனக்கு எழுத வேண்டாம். நான் பார்க்க இருப்பது வேறு. அந்தத் தராசிலிருந்து கதிரையை அவிழ்த்தாயா என்று பார்ப்பேன். லயத்துக்கு நடந்துபோய், அந்த மனிதனிடம் உன் வாயால், உன் பெண்சாதி தேறவில்லை, தேறாதவளை நான்தான் மலைக்கு அனுப்பினேன் என்று சொன்னாயா என்று பார்ப்பேன். அவனிடம் இருக்கும் ஒரே ஆறுதல் அதோடு போய்விடும். அது கொடுமைதான், தெரிந்தே சொல்கிறேன். அவன் உன்னை என்ன செய்தாலும் வாங்கிக்கொள். பொய்யில் ஊறிக் கிடப்பதற்கு அவன் என்ன, உன் மேசைச் சாமானா?

உன்னை மல்லாத்திப் போட்டிருக்கிறேன், தம்பி. விரலால் தட்டிவிடமாட்டேன். உன் அப்பாவின் மணிக்கூட்டை முடுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா